இரண்டு திரவம், ஒரு சுருள்: யாரும் சேர்த்து வைக்காமல் ஜோடி சேர்ந்த ஆர்.என்.ஏ

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு ஒரு சின்ன பரிசோதனையோட கதை. செய்முறை ரொம்ப சிம்பிள். ஒரு குழாயில் தண்ணி மாதிரி தெளிவான ஒரு கரைசல். இன்னொரு குழாயில் அதே மாதிரி இன்னொரு கரைசல். ரெண்டையும் கலக்கணும். அவ்வளவுதான்.

1956-ல், அமெரிக்காவின் பெதஸ்டாவில் இருக்கும் தேசிய சுகாதார நிறுவனத்தில், அலெக்சாண்டர் ரிச், டேவிட் டேவிஸ் என்ற இரண்டு பேர் இதைச் செய்தார்கள். கலந்த திரவம் பிசுபிசுப்பாக மாறியது. உள்ளே ஒரு இரட்டைச் சுருள் உருவாகியிருந்தது.

இதில் என்ன பெருசுன்னு கேட்கலாம். 2020-ல் நம்ம மூக்குக்குள்ள குச்சி விட்டு எடுத்தாங்களே, அந்த ஆர்.டி-பி.சி.ஆர் டெஸ்ட், அது முழுக்க ஒரே ஒரு நம்பிக்கை மேல நிக்குது. பொருத்தமான இரண்டு இழைகளைத் தண்ணீரில் விட்டால், யாரும் பிடித்துச் சேர்க்காமலே அவை ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொள்ளும் என்பதுதான் அது. இன்று இது பாடப்புத்தகத்தில் ஒரு வரி. 1956-ல் இதைச் சொன்னபோது விவரம் தெரிந்தவர்களே சந்தேகமாகப் பார்த்தார்கள். ஏன் சந்தேகப்பட்டாங்க, அப்புறம் எப்படி ஒத்துக்கிட்டாங்க? அதைத்தான் பார்க்கப் போறோம்.

1953-க்குப் பிறகு மிச்சம் இருந்த கேள்வி

1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருள் மாதிரியை வெளியிட்டார்கள். இரண்டு நீளமான இழைகள். ஒவ்வொரு இழையிலும் ஏ, டி, ஜி, சி என்று நான்கு வகை எழுத்துகள். ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி. எழுத்துகளைப் பிடித்து வைத்திருப்பது ஹைட்ரஜன் பிணைப்பு.

ஹைட்ரஜன் பிணைப்புன்னா என்ன? நைட்ரஜனோடோ ஆக்சிஜனோடோ ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன் அணுவில் லேசாக பாசிட்டிவ் மின்னூட்டம் இருக்கும். எதிர்ப்பக்கம் இருக்கும் இன்னொரு நைட்ரஜனிலோ ஆக்சிஜனிலோ லேசாக நெகட்டிவ். ரெண்டும் ஈர்த்துக்கொள்ளும். ஒரு மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டிப்போடும் பிணைப்போடு ஒப்பிட்டால் இது பல மடங்கு பலவீனமானது. ஆனால் இதற்கு ஒரு தனிக்குணம் உண்டு: திசை சரியாக இருக்கணும், தூரம் சரியாக இருக்கணும், பாசிட்டிவுக்கு எதிரே நெகட்டிவ் இருக்கணும். பிளக்கும் சாக்கெட்டும் மாதிரி. ஏ-டி ஜோடியில் இரண்டு பிணைப்புகள், ஜி-சி ஜோடியில் மூன்று. 1953 கட்டுரையில் ஜி-சிக்கும் இரண்டுதான் போட்டிருந்தார்கள். மூன்றாவது உண்டு என்பதை 1956-ல் பாலிங்கும் கோரியும் காட்டினார்கள்.

சரி, மாதிரி அழகாகத்தான் இருந்தது. ஆனால் கவனிங்க, அதுவரைக்கும் எல்லாரும் கையில் வைத்திருந்தது செல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ. அது ஏற்கனவே ஜோடி சேர்ந்தது. இரண்டு தனி இழைகள் தண்ணீரில் சந்தித்து ஜோடி சேர்வதை யாரும் பார்த்ததில்லை. செல்லுக்குள் என்சைம்கள் இழையைக் கட்டும்போதே ஜோடியாகக் கட்டிவிடுகின்றன என்று நினைக்கலாம் இல்லையா? அப்படி நினைப்பதில் தப்பே இல்லை.

ஆர்.என்.ஏ விஷயம் இன்னும் குழப்பம். அதில் டி-க்குப் பதிலாக யு. யு-வும் ஏ-வோடு அதே மாதிரி இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் போட முடியும். அப்போ ஆர்.என்.ஏ-வும் இரட்டைச் சுருளா? 1954-ல் கலிபோர்னியாவின் கால்டெக்கில் ரிச்சும் வாட்சனும் சேர்ந்து ஆர்.என்.ஏ நார்களின் எக்ஸ்-ரே படங்களை எடுத்துப் பார்த்தார்கள். படங்கள் மங்கல். ஒற்றை இழையா, இரட்டையா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செல்லிலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏ எல்லாம் பல நீளம், பல வரிசை, கலந்துகட்டி இருக்கும். ஒழுங்கான பொருள் இல்லாமல் ஒழுங்கான படம் எப்படி வரும்?

ஒழுங்கான பொருளைக் கொடுத்தவர்

அந்த ஒழுங்கான பொருள் 1955-ல் வந்தது. கொடுத்தவர் மரியன் கிரன்பெர்க்-மனாகோ. ரஷ்யாவில் பிறந்து பிரான்சில் வளர்ந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் செவேரோ ஒச்சோவாவின் ஆய்வகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். அசோட்டோபாக்டர் என்ற மண் பாக்டீரியாவில் ஆற்றல் சம்பந்தமான வேறு ஒரு கேள்வியைத் துரத்தும்போது, எதிர்பாராமல் ஒரு என்சைம் சிக்கியது. அந்த என்சைமுக்கு ஆர்.என்.ஏ எழுத்துகளின் மூலப்பொருளைக் கொடுத்தால், எந்த முன்மாதிரியும் இல்லாமல் நீளமாகக் கோர்த்துக்கொண்டே போகும். ஏ மட்டும் கொடுத்தால் ஏஏஏஏஏ என்று ஒரு சங்கிலி. அதுதான் பாலி-ஏ. யு மட்டும் கொடுத்தால் யுயுயுயு. அது பாலி-யு.

இதுதான் உயிருக்குள் ஆர்.என்.ஏ-வை உருவாக்கும் இயந்திரம் என்று அப்போது நினைத்தார்கள். 1959-ல் ஒச்சோவாவுக்கு, ஆர்தர் கோர்ன்பெர்க்கோடு சேர்த்து, நோபல் பரிசும் கிடைத்தது. கிரன்பெர்க்-மனாகோவுக்குக் கிடைக்கவில்லை. இதில் இன்னொரு வேடிக்கை: செல்லுக்குள் அந்த என்சைமின் முக்கிய வேலை ஆர்.என்.ஏ-வைக் கட்டுவது இல்லை, உடைப்பது என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் ஆய்வகத்தில் அது ஒரு பொக்கிஷம். பேர் வராமல் போனாலும் அந்த அம்மாவின் என்சைம் இல்லாமல் இந்தக் கதையில் அடுத்த வரியே கிடையாது. 1995-ல் அவர் பிரெஞ்சு அறிவியல் அகாடமியின் முதல் பெண் தலைவரானார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் சென்னைக்கு ஒரு எட்டு

ரிச் எங்கிருந்து வந்தார் என்று ஒரு நிமிஷம் பார்த்துடலாம், ஏன்னா இதில் நம்ம ஊர் வருது. ஹார்வர்டில் மருத்துவம் படித்தவர். பாலிங்கிடம் பயிற்சி. பெதஸ்டாவில் அவர் வேலை பார்த்தது மனநல ஆய்வு நிறுவனத்தில்! மனநலத்துக்கும் இழைகளுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவரைத் தடுக்கவில்லை.

1955-ல் அவர் கேம்பிரிட்ஜ் போய் கிரிக்கோடு சேர்ந்து கொலாஜன் அமைப்பை ஆராய்ந்தார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருக்கும் புரதம்தான் கொலாஜன். அதே கேள்வியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஏற்கனவே முன்னே போயிருந்தார்கள். 1954-ல் மூன்று இழை அமைப்பு, 1955-ல் அந்த மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட அமைப்பு என்று இரண்டையும் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ரிச்சும் கிரிக்கும் அதில் கைவைத்த இடம் எது தெரியுமா? ஹைட்ரஜன் பிணைப்பின் எண்ணிக்கை. மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு பிணைப்புகள் என்றது சென்னை. இடம் பத்தாது, ஒன்றுதான் என்றது கேம்பிரிட்ஜ். எண்ணிக்கையில் கேம்பிரிட்ஜ் திருத்தம் நின்றது. மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை யோசனை சென்னையோடது. இழைகளுக்கு நடுவில் பிணைப்பு எத்தனை, எந்த இடத்தில் என்று துல்லியமாக யோசிக்கும் பழக்கத்தோடுதான் ரிச் பெதஸ்டா திரும்பினார்.

கலந்தபோது என்ன நடந்தது?

இப்போ கையில் பாலி-ஏ இருக்கு, பாலி-யு இருக்கு. ரெண்டையும் கலந்தார்கள். மூன்று விஷயங்கள் தெரிந்தன.

ஒன்று, பிசுபிசுப்பு. பாகு கம்பிப் பதம் வந்தால் இரண்டு விரலுக்கு நடுவில் கம்பியாக இழுபடும் இல்லையா, அந்த மாதிரி கலவையிலிருந்து நார் இழுக்க முடிந்தது. தளர்ந்த இழைகள் தண்ணீரில் நூல்கண்டு மாதிரி சுருண்டு கிடக்கும். அவை விறைப்பான நீளக் கம்பிகளாக மாறினால்தான் திரவம் இப்படிக் கெட்டியாகும்.

இரண்டு, புற ஊதா ஒளி. இந்த எழுத்துகள் 260 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை நன்றாக உறிஞ்சும். ஆனால் தட்டுகளை அடுக்கிய மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி அடுக்கினால் உறிஞ்சும் அளவு குறையும். கலவை உறிஞ்சிய ஒளி, இரண்டையும் தனித்தனியே அளந்து கணக்குப் போட்டதைவிடக் குறைவு. அதாவது உள்ளே ஏதோ ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் வார்னரும் அதே 1956-ல் இந்த ஒளிக்குறைவைக் கவனித்துப் பதிவு செய்தார்.

மூன்று, எக்ஸ்-ரே. இழுத்த நாரைப் படமெடுத்தால், முன்னே வந்த மங்கல் படம் இல்லை. டி.என்.ஏ படத்துக்கு நெருங்கின, சுருளுக்கே உரிய படம்.

மூன்றும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னது. பாலி-ஏ ஒரு பக்கம், பாலி-யு எதிர்ப்பக்கம், நடுவில் ஹைட்ரஜன் பிணைப்புகள். ரிச்சும் டேவிஸும் அதே ஆண்டு அமெரிக்க வேதியியல் சங்க இதழில் ஒரு சிறிய கடிதமாக இதை வெளியிட்டார்கள்.

ஏன் நம்ப மறுத்தார்கள்?

ரிச் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்பில், அங்கே இருந்த ஒரு மூத்த உயிர்வேதியியலாளரிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் என்சைம் இல்லாமலேயா என்று ஆச்சரியப்பட்டதைச் சொல்கிறார். அந்தத் தலைமுறைக்கு என்சைம்தான் எல்லாவற்றுக்கும் மேஸ்திரி. மேஸ்திரி இல்லாமல் கட்டடம் எழும்பும் என்றால் யார் நம்புவார்?

இரண்டாவது சந்தேகம் இன்னும் நியாயமானது. ஆயிரக்கணக்கான எழுத்துள்ள இரண்டு நீள இழைகள் தண்ணீரில் சந்தித்தால் சிக்குதானே விழும்? பையில் போட்ட இயர்போன் வயரை நினைச்சுப் பாருங்க. ஒழுங்கான சுருள் எப்படி வரும்?

மூன்றாவது, இரண்டு இழைகளின் முதுகெலும்பிலும் பாஸ்பேட் இருக்கிறது, அதாவது நெகட்டிவ் மின்னூட்டம். ரெண்டும் ஒன்றையொன்று தள்ளணும். அதோடு சுற்றிலும் தண்ணீர். தண்ணீரே ஹைட்ரஜன் பிணைப்பு போடுவதில் கில்லாடி. பக்கத்திலேயே அத்தனை தண்ணீர் மூலக்கூறுகள் இருக்கும்போது ஏ எதுக்கு யு-வைத் தேடிப் போகணும்?

பதில்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். மின்னூட்டத் தள்ளலைக் கரைசலில் இருக்கும் உப்பு சமாளிக்கிறது. சோடியம், மக்னீசியம் போன்ற பாசிட்டிவ் அயனிகள் பாஸ்பேட்டைச் சுற்றி நின்று தள்ளலை மறைத்துவிடும். உப்பை ரொம்பக் குறைத்தால் சுருள் பிரிந்துவிடும்.

சிக்குக்குப் பதில், ஹைட்ரஜன் பிணைப்பின் பலவீனம். ஆமாம், பலவீனம்தான் இங்கே பலம். ஒரு தவறான ஒட்டல் ஒரு கணம்கூட நிற்காது, பிரிந்துவிடும். திரும்பவும் ஒட்டும், திரும்பவும் பிரியும். வரிசையாகச் சில ஜோடிகள் சரியாக அமைந்த இடத்தில் மட்டும் பிடி நிற்கும். அங்கிருந்து ஜிப் இழுக்கிற மாதிரி மளமளவென்று மூடிக்கொண்டே போகும். முதல் சில ஜோடிகள்தான் கஷ்டம், அடுத்தடுத்த ஜோடி சுலபம். பிணைப்பு ஃபெவிகுவிக் மாதிரி பலமாக இருந்திருந்தால் முதல் தவறிலேயே எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் கேள்வி கேட்டவர்கள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. ஏ-யு ஜோடி சேரும்போது இருவரும் தண்ணீரோடு வைத்திருந்த பிணைப்பை விட வேண்டியிருக்கிறது. அதனால் ஹைட்ரஜன் பிணைப்பால் கிடைக்கும் நிகர லாபம் கொஞ்சம்தான். சுருளை நிலையாக வைப்பதில் பெரும்பங்கு, தட்டையான எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்வதற்குத்தான் என்பது பின்னால் தெளிவானது. அப்போ ஹைட்ரஜன் பிணைப்பு எதுக்கு? யார் யாரோடு என்று முடிவு செய்ய. தவறான எழுத்து எதிரே வந்தால், தண்ணீரோடு இருந்த பிணைப்பும் போச்சு, புதுசும் கிடைக்கலை. ஒரேயடியாக நஷ்டம். ஒட்டிக்கொள்ளும் பலம் பெரும்பாலும் அடுக்கில் இருக்கிறது. ஆள் அடையாளம் ஹைட்ரஜன் பிணைப்பில் இருக்கிறது. நம்ம பாஷையில் சொன்னா, ஆதென்டிகேஷன் அது.

ஒரு கிராஃப், ஒரு மூன்றாம் ஆள்

ஏதோ ஒட்டிக்கொண்டது என்பதோடு ரிச் நிற்கவில்லை. கேரி ஃபெல்சன்ஃபெல்டோடு சேர்ந்து கலவை விகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஒளி உறிஞ்சலை அளந்தார். கிராஃப் போட்டால் ஒரு கூர்மையான வி வடிவம். அதன் அடிமுனை சரியாக ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில். சும்மா சிக்கிக்கொண்ட கூளமாக இருந்தால் இப்படிக் கணக்காக ஒரு முனை வராது. ஒரு ஏ-க்கு ஒரு யு என்பதற்கு இதைவிட எளிமையான ஆதாரம் கிடையாது.

அதே கரைசலில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தார்கள். அடிமுனை நகர்ந்தது. இப்போது ஒரு ஏ-க்கு இரண்டு யு! 1957-ல் ஃபெல்சன்ஃபெல்ட், டேவிஸ், ரிச் மூவரும் இதை மூன்று இழைச் சுருள் என்று அறிவித்தார்கள். ஏற்கனவே ஜோடி சேர்ந்த ஏ-வின் இன்னொரு ஓரத்தில் வந்து ஒட்டுகிறது மூன்றாவது இழை. அந்த மாதிரி ஓரத்துப் பிடிப்பு சாத்தியம் என்பதை 1959-ல் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன் படிகத்தில் காட்டினார். இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான்.

ஆனால் ஒரு ஓட்டை இருந்தது

இதுவரை கேட்டுட்டு உங்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தா, ரொம்ப சரி. பாலி-ஏ முழுக்க ஏ. பாலி-யு முழுக்க யு. எந்த இடத்தில் ஒட்டினாலும் பொருந்தும், ஒரு எழுத்து நழுவினாலும் பொருந்தும். நிஜ மரபணு அப்படி இல்லையே? பல ஆயிரம் எழுத்துகள் கலந்த வரிசையில், சரியான துணையை மட்டும் கண்டுபிடிக்க முடியுமா? 1956 பரிசோதனை இதற்குப் பதில் சொல்லவில்லை.

பதில் 1960-ல் ஹார்வர்டில் வந்தது. பால் டோட்டி, ஜூலியஸ் மார்மர் குழுவினர் பாக்டீரியா டி.என்.ஏ-வைச் சூடாக்கி இழைகளைப் பிரித்தார்கள். சட்டென்று குளிரவைத்தால் அதன் உயிரியல் வேலைத்திறன் பெரும்பாலும் போய்விட்டது. மெதுவாகக் குளிரவைத்தால் கணிசமான பகுதி திரும்பி வந்தது. இழைகள் தங்கள் பழைய துணையைத் தேடிக்கொள்ள நேரம் கிடைத்தது. தூரத்து உறவான பாக்டீரியாவின் இழையோடு அவை சேரவில்லை. அப்போ வரிசையும் அடையாளம் காணப்படுகிறது.

அதே 1960-ல் ரிச் இன்னொரு படி ஏறினார். இந்த முறை ஒரு பக்கம் ஆர்.என்.ஏ, மறுபக்கம் டி.என்.ஏ. பாலி-ஏ-வுக்கு எதிரே டி எழுத்து மட்டும் உள்ள டி.என்.ஏ இழை. அந்த டி.என்.ஏ-வை வேதியியல் முறையில் செய்து கொடுத்தவர், பஞ்சாபில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. கலப்பு ஜோடியும் சுருளானது. டி.என்.ஏ-வில் இருக்கும் தகவல் ஆர்.என்.ஏ-வுக்கு இந்த வழியாகத்தான் போகிறது என்று ரிச் எழுதினார். 1961-ல் பெஞ்சமின் ஹாலும் சோல் ஸ்பீகல்மனும், டி2 என்ற வைரஸ் தாக்கிய பாக்டீரியாவில் உருவாகும் ஆர்.என்.ஏ அந்த வைரஸின் டி.என்.ஏ-வோடு மட்டும் ஜோடி சேர்வதைக் காட்டினார்கள். எந்த ஆர்.என்.ஏ எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு முறை கிடைத்தது.

பாலி-யு-வுக்கு அதே ஆண்டு இன்னொரு புகழும் வந்தது. 1961 மே மாதம், அதே பெதஸ்டாவில், நிரன்பெர்க்கும் மத்தாயும் பாலி-யு-வைப் பாக்டீரியாச் சாற்றில் போட்டு, ஒரே அமினோ அமிலத்தால் ஆன புரதம் வருவதைப் பார்த்தார்கள். மரபுக் குறியீட்டின் முதல் வார்த்தை அது. அவர்கள் பாலி-ஏ-வையும் சேர்த்துப் பார்த்தார்கள். புரதம் வருவது நின்றது! ஜோடி சேர்ந்துவிட்ட இழையைப் படிக்க முடியாது. ஒரு செய்தியை அழிக்காமலேயே வாயை மூடலாம் என்று அர்த்தம். எதிர் இழையை வைத்து மரபணுவின் வாயை மூடும் மருந்துகள் பின்னால் வந்தன. முதுகெலும்புத் தசைச் சிதைவு நோய்க்கு 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சென், ஆர்.என்.ஏ-வோடு ஜோடி சேர்ந்து வேலை செய்யும் மருந்துதான்.

சரி, நமக்கு என்ன?

திரும்ப அந்த ஆர்.டி-பி.சி.ஆர். வைரஸின் ஆர்.என்.ஏ மேல் ஒரு குட்டி டி.என்.ஏ துண்டு போய் உட்காருகிறது. 1960-ல் ரிச் காட்டிய அதே கலப்பு ஜோடி. அதிலிருந்து டி.என்.ஏ பிரதி எடுத்து, கிட்டத்தட்ட 95 டிகிரியில் பிரித்து, 60 டிகிரி பக்கம் இறக்கி, குட்டித் துண்டுகள் தங்கள் இடத்தைத் தேடிக்கொள்ள விட்டு, திரும்பத் திரும்பப் பெருக்குகிறார்கள்.

துண்டின் நீளம் சுமார் 20 எழுத்து. ஏன் 20 போதும்? கணக்குப் போட்டுப் பாருங்க. நான்கு எழுத்தில் 20 இடம் என்றால் 4-ன் 20-ஆம் அடுக்கு, ஒரு லட்சம் கோடிக்கும் மேல் சேர்க்கைகள். மனித மரபணுத் தொகுதியே ஏறக்குறைய 300 கோடி எழுத்துதான். தற்செயலாக வேறு இடத்தில் முழுசாகப் பொருந்த வாய்ப்பு ரொம்பக் குறைவு. அந்த டெஸ்ட்டைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளில் ஒன்று, எந்தக் கிருமி இருந்தாலும் பாசிட்டிவ் காட்டும் என்பது. பொருந்தாத இழை நிலையாக ஒட்டாது என்று தெரிந்தால் அந்த வதந்திக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. மாதிரி எடுக்கும்போது தவறலாம், ஆய்வகத்தில் கலப்படம் ஆகலாம். அவையெல்லாம் நிஜப் பிரச்சினைகள். இழைக்கு ஆள் தெரியாது என்பது மட்டும் பிரச்சினை இல்லை.

இன்னொன்று. நம் செல்லின் தூது ஆர்.என்.ஏ-க்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு ஏஏஏஏ வால் உண்டு. கலவையிலிருந்து அவற்றை மட்டும் பிரித்தெடுக்க, டிடிடிடி ஒட்டிய மணிகளைப் போட்டு மீன் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறார்கள். உலகம் முழுக்க தினமும் நடக்கும் வேலை. ரிச்சும் கொரானாவும் கலந்து பார்த்த ஜோடி அதேதான்.

அப்போ என்சைம் எதுக்கு என்று கேட்டால்: இழையைக் கட்ட, பிரிக்க, பிழை திருத்த, அவசர வேலையை வேகமாக முடிக்க. செல்லுக்கு மேஸ்திரிகள் தேவைதான். ஆனால் யாருக்கு யார் ஜோடி என்ற பட்டியல் மேஸ்திரியின் பாக்கெட்டில் இல்லை. அது செங்கலின் வடிவத்திலேயே எழுதியிருக்கிறது. 1956-ல் இரண்டு குழாய்களைக் கலந்து தெரிந்துகொண்டது அதைத்தான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.